பெரிய, நுட்பமான இயந்திரத்தைக் கடல் கடந்து அனுப்புவது எப்படி

கம்ப்யூட்டர் கட்டளைப்படி உலோகம் வெட்டும் சி.என்.சி. மெஷின், டிரான்ஸ்ஃபார்மர், ஜெனரேட்டர், எம்.ஆர்.ஐ. காந்தம், பெரிய அச்சு இயந்திரம் எல்லாமே வெளியே பார்க்க முரட்டு இரும்பாகத்தான் இருக்கும். உள்ளேயோ மைக்ரான் கணக்கில் சரிசெய்த தடங்கள், பேரிங்குகள், சென்சார்கள், கண்ணாடி அளவுகோல்கள். இவற்றை முதன்முறையாக வெளிநாட்டுக்கு அனுப்பப் போகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். பெரும்பாலான சேதம் நடுக்கடலில் நடப்பதில்லை. தூக்கும்போதும், இறக்கி வைக்கும்போதும், வண்டி மாற்றும்போதும்தான் நடக்கிறது. அதனால் எந்த முடிவை எடுத்தாலும் ‘இதனால் தூக்கும் தடவை குறையுமா, கூடுமா?’ என்று ஒருமுறை கேட்டுக்கொள்ளுங்கள்.

போய்ச் சேரும் இடத்திலிருந்து தொடங்குங்கள்

புதிதாக வருபவர்கள் பெரும்பாலும் பேக்கிங்கிலிருந்து தொடங்குகிறார்கள். நான் தலைகீழாகப் போகச் சொல்வேன். இயந்திரம் கடைசியாக நிற்கப்போகும் தரையைப் பற்றி முதலில் விசாரியுங்கள். அந்தக் கட்டடத்தின் வாசல் எவ்வளவு உயரம், எவ்வளவு அகலம்? தரை எவ்வளவு எடை தாங்கும்? உள்ளே க்ரேன் இருக்கிறதா, இருந்தால் எத்தனை டன்? லாரி திரும்ப இடம் உண்டா? வாங்குபவரிடம் இதையெல்லாம் எழுத்தில் கேளுங்கள். வாசலையும் பாதையையும் ஃபோட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்கள்.

அங்கிருந்து பின்னோக்கி வாருங்கள். துறைமுகத்திலிருந்து அந்தக் கட்டடம் வரை வழியில் தாழ்வான பாலம், மின்கம்பி, குறுகலான வளைவு ஏதாவது உண்டா? அந்தத் துறைமுகத்தின் க்ரேன் உங்கள் எடையைத் தூக்குமா? அகலமோ எடையோ வழக்கத்தைத் தாண்டினால் சாலையில் கொண்டுபோகவே தனி அனுமதி வாங்க வேண்டியிருக்கும்; அதற்கு வாரக்கணக்கில் ஆகலாம். இதெல்லாம் தெரிந்த பிறகுதான் இயந்திரத்தை முழுசாக அனுப்புவதா, பிரித்து அனுப்புவதா என்று முடிவெடுக்க முடியும். பிரித்தால் அனுப்புவது சுலபம். ஆனால் அங்கே போய்ச் சேர்த்து, மறுபடி சமன்செய்ய ஆள் வேண்டும். அந்தச் செலவையும் கணக்கில் சேருங்கள்.

எடை, அளவு, ஈர்ப்பு மையம்

பெயர்ப்பலகையில் இருக்கும் எடையை நம்பி விட்டுவிடாதீர்கள். பிறகு பொருத்திய கூடுதல் பாகங்களும், தொட்டியில் மிச்சமிருக்கும் எண்ணெயும், மரச்சட்டமும் சேர்ந்து அதைத் தாண்டிவிடும். முடிந்தால் எடை போட்டே பாருங்கள். அளவு எடுக்கும்போது துருத்திக்கொண்டிருக்கும் குழாய், கைப்பிடி, விளக்குக் கம்பம் எல்லாவற்றையும் சேர்த்து எடுக்க வேண்டும்.

ஈர்ப்பு மையம்தான் பலரும் கேட்க மறக்கிற விஷயம். இயந்திரத்தின் நடுப்பகுதியில்தான் எடையின் மையமும் இருக்கும் என்று எண்ணிக் கொக்கி மாட்டினால், தூக்கிய நொடியிலேயே ஒரு பக்கம் சாயும். தயாரிப்பாளரின் வரைபடத்தில் ஈர்ப்பு மையமும் தூக்கும் இடங்களும் குறிக்கப்பட்டிருக்கும். கையேடு தொலைந்துபோயிருந்தால் இயந்திரத்தின் சீரியல் நம்பரைச் சொல்லித் தயாரிப்பாளரிடமே கேளுங்கள்.

ஸ்லிங்கின், அதாவது க்ரேன் கொக்கியில் மாட்டித் தூக்கும் கயிறு அல்லது பெல்ட்டின், கோணத்தையும் பாருங்கள். இரண்டு கால் ஸ்லிங்கால் தூக்கும்போது ஒவ்வொரு காலும் கிடைமட்டத்திலிருந்து 60 டிகிரி சாய்வில் இருந்தால், ஒரு காலில் விழும் இழுவை மொத்த எடையில் சுமார் 58 சதவீதம். அதே சாய்வு 30 டிகிரிக்கு இறங்கினால் ஒவ்வொரு காலும் மொத்த எடையையும் சுமக்கிறது. 10 டன் இயந்திரத்துக்கு ஒவ்வொரு காலிலும் 10 டன் இழுவை! போதாததற்கு, தாழ்ந்த ஸ்லிங் இயந்திரத்தின் தோள்களை உள்நோக்கி நசுக்கும்; தகட்டு மூடிகள் நெளிவது இப்படித்தான். மேலே ஸ்லிங் கால்களை விலக்கிப் பிடிக்கும் குறுக்கு உத்தரம், அதாவது ஒரு ஸ்ப்ரெடர் பீம், வைத்தால் ஸ்லிங் செங்குத்தாக இறங்கும். க்ரேன்காரர் வேண்டாமென்றாலும் வைக்கச் சொல்லுங்கள்.

கப்பலா, விமானமா?

சாதாரணக் கன்டெய்னரின் கதவு சுமார் 2.34 மீட்டர் அகலமும் 2.28 மீட்டர் உயரமும் இருக்கும். உயரம் கூடிய ஹை க்யூப் கன்டெய்னரில் கதவின் உயரம் 2.58 மீட்டர் வரை கிடைக்கும். பெட்டியோடு சேர்த்து, ஃபோர்க்லிஃப்ட் தூக்கி நுழைக்கும் இடைவெளியும் போக, இதற்குள் அடங்கினால் கன்டெய்னர்தான் நல்லது. மூடிய பெட்டி, மழை படாது, வழியில் யாரும் பொருளைத் தொட மாட்டார்கள். உயரம் மட்டும் மீறினால் கூரை திறந்த ஓப்பன் டாப். அகலமும் மீறினால் பக்கச் சுவரும் கூரையும் இல்லாத ஃப்ளாட் ராக். ஃப்ளாட் ராக்கில் பக்கவாட்டில் துருத்தினால் பக்கத்து இடங்களில் வேறு கன்டெய்னர் வைக்க முடியாது, அந்த இடங்களுக்கான கட்டணமும் உங்கள் தலையில்தான் விழும். ஆகவே 5 சென்டிமீட்டர் மீறுகிறது என்றால் கழற்றக்கூடிய பாகம் ஏதாவது உண்டா என்று முதலில் தேடுங்கள்.

ரோ-ரோ கப்பல் பலருக்கும் தோன்றாத வழி. இயந்திரத்தைத் தாழ்வான டிரெய்லர் ஒன்றில் ஏற்றிக் கட்டி, அப்படியே உருட்டிக் கப்பலுக்குள் கொண்டுபோவார்கள். சேரும் துறைமுகத்திலும் உருட்டியே இறக்குவார்கள். கப்பலில் ஏற்ற இறக்க க்ரேனே தேவையில்லை, பயணம் முழுக்கக் கூரைக்கடியில் இருக்கும். அதிர்ச்சி தாங்காத பெரிய இயந்திரத்துக்கு, அந்தப் பாதையில் ரோ-ரோ ஓடுகிறது என்றால், எனக்குப் பிடித்த வழி இதுதான்.

விமானத்தில் நாட்கள் மிச்சமாகும், அதிர்வும் ஈரமும் குறைவு. உயரம்தான் இடிக்கும். பயணிகள் விமானத்தின் அடிவயிற்றில் சுமார் 1.6 மீட்டர் உயரம்தான். பெரிய சரக்கு விமானங்களின் மேல்தளத்தில் 3 மீட்டர் வரை கிடைக்கும். அதற்கும் மேலென்றால் அன்டோனோவ் 124 மாதிரி விமானத்தைத் தனியாக அமர்த்த வேண்டும். பறக்கும்போது சரக்கறைக் காற்றழுத்தம் சுமார் 2,400 மீட்டர் உயர மலையில் இருப்பதுபோலக் குறையலாம். இறுக்கி மூடிய தொட்டிகளும் குழாய்களும் அதைத் தாங்குமா என்று பாருங்கள்.

எந்த வழியானாலும் நடுவில் கப்பல் மாற்றாத நேரடி சர்வீஸ் கிடைத்தால், கொஞ்சம் கூடுதல் பணம் கொடுத்தாவது அதை எடுங்கள். ஒவ்வொரு மாற்றலும் குறைந்தது இரண்டு தூக்கல்.

அசையும் பாகங்களைப் பூட்டுங்கள்

இந்தப் படியில் அவசரமே கூடாது. முதலில் கன்ட்ரோலரில் உள்ள புரோகிராம், பாராமீட்டர் எல்லாவற்றையும் பேக்கப் எடுங்கள். பழைய சி.என்.சி. கன்ட்ரோலர்கள் பலவற்றில் அந்த நினைவகம் ஒரு சின்ன பேட்டரியின் தயவில் நிற்கிறது. மின்சாரம் இல்லாமல் பல வாரம் கிடந்து, அந்த பேட்டரியும் தீர்ந்துபோனால் இயந்திரம் ஒரு கீறல்கூட இல்லாமல் போய்ச் சேரும், ஆனால் ஓடாது. பேட்டரியைப் புதிதாக மாற்றுங்கள், பேக்கப்பை இரண்டு இடங்களில் வையுங்கள். கழற்றுவதற்கு முன் இயந்திரத்தின் சமநிலை, துல்லியம் பற்றிய அளவீடுகளையும் குறித்துக்கொள்ளுங்கள். பின்னால் ‘வழியில் கெட்டதா, முன்பே இப்படித்தானா?’ என்ற கேள்வி எழுந்தால் அந்தத் தாள்தான் சாட்சி.

அடுத்து, திரவங்கள். கூலன்ட், ஹைட்ராலிக் எண்ணெய், குளிர்நீர் எல்லாவற்றையும் வடித்துவிட்டு, நீர்க் குழாய்களை அழுத்தக் காற்றால் ஊதி உலர்த்துங்கள். குளிர்நாட்டு வழியில் குழாய்க்குள் தேங்கிய கொஞ்சம் தண்ணீர் உறைந்தாலே போதும், வார்ப்பிரும்பு விரிசல் விடும். பெரிய டிரான்ஸ்ஃபார்மர்களில் எண்ணெயை இறக்கிவிட்டு உலர்ந்த காற்றோ நைட்ரஜனோ லேசான அழுத்தத்தில் நிரப்பி, மீட்டர் பொருத்தி அனுப்புவார்கள். வழியில் மீட்டர் இறங்கியிருந்தால் ஈரம் புகுந்திருக்கலாம் என்று அர்த்தம்.

பிறகு நகரும் பாகங்கள். மேஜை, ஸ்பிண்டில் தலை, கதவு, எதிரெடை எல்லாவற்றுக்கும் தயாரிப்பாளர் கொடுத்த பூட்டுச் சட்டங்கள் இருக்கும். பெரும்பாலும் சிவப்பு அல்லது மஞ்சள் நிறத்தில் வரும். இயந்திரம் வந்த அன்று கழற்றி எங்கேயோ ஒரு மூலையில் போட்டிருப்பார்கள், தேடி எடுங்கள். கிடைக்காவிட்டால் செய்துகொள்ளலாம். ஆனால் எந்த இடத்தில் பிடிக்கலாம், எங்கே பிடித்தால் தடம் கெடும் என்று தயாரிப்பாளரைக் கேட்டுவிட்டுச் செய்யுங்கள்.

பேரிங்கைக் கொஞ்சம் கிட்டப்போய்ப் பாருங்கள். மோட்டாரும் ஜெனரேட்டரும் சுழலும்போது உருளைகளுக்கும் வளையத்துக்கும் நடுவே எண்ணெய்ப் படலம் இருக்கும். நின்றுகொண்டிருக்கும்போது உருளை ஒரே இடத்தில் உட்கார்ந்திருக்கும். லாரியும் கப்பல் எஞ்சினும் நாள்கணக்கில் தரும் சின்னச் சின்ன அதிர்வில் அந்தப் படலம் விலகி, உலோகமும் உலோகமும் தேய்ந்து, உருளைகள் உட்கார்ந்த இடைவெளியிலேயே வளையத்தில் வரிவரியாகப் பள்ளம் விழும். கண்ணுக்குத் தெரியாது, வெளியில் ஒரு அடையாளமும் இருக்காது. ஓட்டிப் பார்க்கும்போதுதான் உறுமும். இதைத் தடுக்கத்தான் ஷாஃப்ட்டை அச்சு நெடுக இழுத்துப் பிடித்துப் பூட்டி, உருளைகள் ஆடாமல் அழுத்தத்தில் வைக்கிறார்கள். உருளை பேரிங் உள்ள எந்த மோட்டாரையும் ஷாஃப்ட் பூட்டாமல் அனுப்பாதீர்கள்.

எம்.ஆர்.ஐ. காந்தத்துக்கு வேறு கவலை. அதற்குள் திரவ ஹீலியம் இருக்கும். குளிரூட்டி ஓடாத நாட்களில் அது மெதுவாக ஆவியாகிக்கொண்டே போகும். எத்தனை நாள் தாங்கும் என்று தயாரிப்பாளரைக் கேட்டு, துறைமுகத்தில் காத்திருக்கும் நாட்களையும் சேர்த்து, அதற்குள் போய்ச் சேரும் வழியைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும்.

திரை, கண்ணாடி, தனியாகக் கழலும் எலெக்ட்ரானிக் பெட்டிகள் எல்லாம் தனிப் பேக்கிங்கில் போகட்டும். கழற்றும் ஒவ்வொரு வயரிலும் சீட்டு ஒட்டி, ஒட்டியபின் ஃபோட்டோ எடுங்கள். போட்ட பூட்டுகளின் பட்டியலை எழுதி ஒரு பிரதியைக் கன்ட்ரோல் பேனல் கதவில் ஒட்டுங்கள். அங்கே யாராவது ஒரு பூட்டைக் கழற்ற மறந்து ஸ்விட்சைப் போட்டுவிட்டால், கடல் செய்யாத சேதத்தை அந்த ஒரு நொடி செய்துவிடும்.

ஈரம்

கன்டெய்னருக்குள் மழை பெய்யும் என்றால் புதியவர்கள் நம்புவதில்லை. பகல் வெயிலில் உள்ளே இருக்கும் மரமும் காற்றும் சூடாகி ஈரத்தை வெளிவிடும். இரவில் கூரை குளிர்ந்ததும் அந்த ஈரம் கூரையின் அடியில் நீர்த்துளிகளாகி, சொட்டத் தொடங்கும். வெப்பநாட்டிலிருந்து குளிர்நாட்டுக்குப் போகும் வழியில் இது அதிகம். மரத்தை உலர்ந்ததாக, ஈரப்பதம் 20 சதவீதத்துக்குக் கீழே இருப்பதாகப் பார்த்து வாங்குவது முதல் காப்பு.

இரண்டாவது காப்பு, இயந்திரத்தைச் சுற்றி அலுமினியத் தாள் கலந்த தடுப்புறை போட்டு, உள்ளே ஈரம் உறிஞ்சும் பைகளை வைத்து, காற்றை உறிஞ்சி, ஒட்டி மூடுவது. சாதாரண பிளாஸ்டிக் ஷீட் போதாது. அது வெளி ஈரத்தை மெல்ல உள்ளே விடும். உறிஞ்சும் பைகள் உலோகப் பரப்பைத் தொடாமல் தொங்கட்டும், ஈரம் குடித்த பை தொட்ட இடத்தில் துரு பிடிக்கும். எத்தனை பை என்பது உறையின் பரப்பையும் பயண நாட்களையும் பொறுத்தது. விற்பவர் கணக்குப் போட்டுத் தருவார், துறைமுகத்தில் தாமதமானாலும் தாங்கும்படி கேட்டு வாங்குங்கள். ஈரம் காட்டும் அட்டை ஒன்றை, வெளியிலிருந்து பார்க்கக்கூடிய இடத்தில் வையுங்கள்.

திறந்த இரும்புப் பரப்புகளுக்குத் துருத்தடுப்பு எண்ணெய் பூசுங்கள், அல்லது துருவைத் தடுக்கும் ஆவி தரும் வி.சி.ஐ. உறை போடுங்கள். எந்த உலோகத்துக்கு என்று சொல்லி வாங்குங்கள். இரும்புக்கென்று செய்த சில வகைகள் செம்பையும் பித்தளையையும் கெடுக்கும்.

ஸ்கிட்டும் பெட்டியும்

இயந்திரத்தைப் பிடித்து நிறுத்த வேண்டியது அடியில் இருக்கும் தாங்கு சட்டம், அதாவது ஸ்கிட். பெட்டி தூசியையும் மழையையும் தடுக்கும், அவ்வளவுதான். தயாரிப்பாளர் சொன்ன கால்கள் வழியாக இயந்திரத்தை ஸ்கிட்டோடு போல்ட் போட்டு இறுக்குங்கள். பெட்டிச் சுவரின் மேல் மட்டும் பெல்ட் போட்டுக் கட்டினால் உள்ளே இருப்பது ஆடிக்கொண்டுதான் இருக்கும். ஸ்பிரிங், ரப்பர் மெத்தை வைப்பதை மட்டும் ஊகத்தில் செய்யாதீர்கள். எடைக்கும் வழியின் அதிர்வுக்கும் பொருந்தாத ஸ்பிரிங் அதிர்வைக் குறைக்காமல் பெருக்கிவிடும். கணக்குப் போடத் தெரிந்த பேக்கிங் நிறுவனத்தின் வேலை அது.

மரத்துக்கு உலகளாவிய விதி ஒன்று உண்டு: ஐ.எஸ்.பி.எம். 15. பூச்சி பரவாமலிருக்க மரத்தின் உட்பகுதி முழுவதும் 56 டிகிரி செல்சியஸ் சூட்டை விடாமல் 30 நிமிடம் தாங்கியிருக்க வேண்டும், அல்லது அனுமதித்த வேறு முறையில் பதப்படுத்தியிருக்க வேண்டும். அதற்கு அடையாளமாகக் கோதுமைக் கதிர்ச் சின்னம் கொண்ட முத்திரை மரத்தில் இருக்கும். ஒட்டுப்பலகைக்கு இந்த விதி கிடையாது. பெட்டியில் முத்திரை இருந்தும், கன்டெய்னருக்குள் முட்டுக்கொடுத்த நாலு கட்டைகளில் இல்லாததால் சரக்கு மொத்தமும் மாட்டிக்கொள்ளும். முட்டுக்கட்டையிலும் முத்திரை பாருங்கள்.

பெட்டியின் நான்கு பக்கமும் மேல்நோக்கிய அம்புகள், குடை, கண்ணாடிக் கோப்பை, ஈர்ப்பு மையக் குறி, ஸ்லிங் மாட்டும் இடம் ஆகியவற்றை வரையுங்கள். சர்வதேசக் குறிகள் என்பதால் எந்த மொழிக்காரரும் புரிந்துகொள்வார். அதிர்ச்சி, சாய்வு காட்டும் ஸ்டிக்கர்களை வெளியே ஒட்டுங்கள். விலையுயர்ந்த இயந்திரமானால் நேரத்தோடு பதிவுசெய்யும் ரெக்கார்டர் ஒன்றை இயந்திரத்தின் உடம்பிலேயே பொருத்துங்கள். ‘அடிபட்டது’ என்று ஸ்டிக்கர் சொல்லும். எந்த நாள், எந்த மணிக்கு, எவ்வளவு பலமாக என்று ரெக்கார்டர் சொல்லும். அப்போது சரக்கு யார் கையில் இருந்தது என்று கண்டுபிடித்துவிடலாம்.

கன்டெய்னருக்குள் கட்டுவது

கன்டெய்னரில் சரக்கைக் கட்டுவதற்கான சர்வதேச வழிமுறை, மோசமான கடலில் பக்கவாட்டு விசை சரக்கின் எடையில் 0.8 பங்கு வரை போகலாம் என்று எடுத்துக்கொள்கிறது. 10 டன் இயந்திரத்தை 8 டன் விசை பக்கவாட்டில் தள்ளுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள், எத்தனை பெல்ட், எவ்வளவு முட்டு என்பது தானாகப் புரியும். சாலையில் லாரி பிரேக் போடும்போது முன்பக்கமாகவும் அதே 0.8தான். ஸ்கிட்டுக்கு அடியில் வழுக்காத ரப்பர் பாய் போடுங்கள், செலவு கொஞ்சம், பலன் பெரிது. பெல்ட்டோ சங்கிலியோ இயந்திரத்தின் அடிச்சட்டத்தைப் பிடிக்க வேண்டும். கேபினட்டையோ குழாயையோ பிடிக்கக் கூடாது. சின்ன அடிப்பாகமும் பெரிய எடையும் உள்ள இயந்திரமானால் கன்டெய்னர் தரையில் எடை பரவும்படி நீளமான உத்தரங்களைக் கீழே போடுங்கள்.

கதவை மூடுவதற்கு முன் ஒவ்வொரு பெல்ட்டையும் ஒவ்வொரு முட்டுக்கட்டையையும் ஃபோட்டோ எடுங்கள். மூடியபின் சீல் நம்பரையும். 2016 ஜூலை 1 முதல், சரக்கு ஏற்றிய கன்டெய்னரின் சரிபார்த்த மொத்த எடையை, அதாவது வி.ஜி.எம்., முன்கூட்டியே கொடுக்காவிட்டால் கப்பலில் ஏற்ற மாட்டார்கள். கன்டெய்னர், கட்டை, பெல்ட் எல்லாம் அதில் அடக்கம்.

காகிதங்கள்

இன்வாய்ஸ், பேக்கிங் லிஸ்ட், பில் ஆஃப் லேடிங் (கப்பல்காரர் தரும் சரக்கு ரசீது), பிறப்பிடச் சான்றிதழ் எல்லாவற்றிலும் எடையும் விவரமும் ஒரே மாதிரி இருக்க வேண்டும். எச்.எஸ். குறியீட்டை (சுங்கத்தில் பொருளின் வகையைச் சொல்லும் எண்) சேரும் நாட்டின் சுங்க ஏஜென்டிடம் முன்கூட்டியே காட்டி உறுதிசெய்யுங்கள். கண்காட்சிக்கோ சோதனைக்கோ போய்த் திரும்பும் இயந்திரமானால், இரண்டு நாடுகளும் ஏற்கும் பட்சத்தில், ஏ.டி.ஏ. கார்னே என்ற தற்காலிக இறக்குமதி ஆவணம் எடுத்தால் அங்கே வரி கட்டாமல் கொண்டுபோய் வரலாம்.

ஏற்றுமதி உரிமத்தைக் கடைசியில் பார்க்கலாம் என்று விடாதீர்கள். ஐந்து அச்சுகளில் இயங்கும் துல்லிய மெஷின்கள் போன்றவை ராணுவத்துக்கும் பயன்படக்கூடியவை என்று, வாசெனார் என்ற சர்வதேச ஏற்றுமதிக் கட்டுப்பாட்டு ஏற்பாட்டில் சேர்ந்த நாடுகள் கட்டுப்படுத்துகின்றன. உரிமம் தேவையா என்று விலை பேசும்போதே பாருங்கள். இயந்திரத்துக்குள் லித்தியம் பேட்டரி, குளிர்பதன வாயு, கதிரியக்க அளவுகோல் இருந்தால் அபாயச் சரக்கு என்று அறிவிக்க வேண்டும். பழைய இயந்திரமென்றால் மண், விதை, கிரீஸ் ஒட்டியில்லாமல் கழுவி அனுப்புங்கள். ஆஸ்திரேலியாவும் நியூசிலாந்தும் இதில் ரொம்பக் கண்டிப்பு.

இன்சூரன்ஸ்

‘கப்பல் கம்பெனிதானே பொறுப்பு’ என்று இருந்துவிடாதீர்கள். பல நாடுகளில் நடைமுறையில் இருக்கும் ஹேக்-விஸ்பி விதிகளின்படி கப்பல்காரரின் பொறுப்பு ஒரு பெட்டிக்கு 666.67 எஸ்.டி.ஆர். (சர்வதேச நாணய நிதியத்தின் கணக்கு அலகு) அல்லது கிலோவுக்கு 2 எஸ்.டி.ஆர்., எது அதிகமோ அது. 10 டன் இயந்திரத்துக்கு 20,000 எஸ்.டி.ஆர்.தான் வரும், நல்ல மெஷினின் விலையில் அது ஒரு மூலைக்குக்கூடக் காணாது. அதனால் இன்ஸ்டிடியூட் கார்கோ க்ளாஸஸ் என்ற விதிகளில் மிக விரிவான ‘ஏ’ வகை இன்சூரன்ஸ் எடுங்கள், சரக்கு விலை, கப்பல் கட்டணம், இன்சூரன்ஸ் மூன்றும் சேர்ந்ததில் 110 சதவீதத்துக்கு எடுப்பது வழக்கம். நீங்கள் வாங்குபவராக இருந்து, விற்பவர் சி.ஐ.எஃப். (சரக்கு விலை, இன்சூரன்ஸ், கப்பல் கட்டணம் சேர்ந்தது) என்று சொன்னால் கவனம்: சர்வதேச வணிக விதிகளான இன்கோடெர்ம்ஸ் 2020-இன்படி அதில் அவர் எடுக்க வேண்டியது மிகக் குறைந்த ‘சி’ வகைதான். சி.ஐ.பி. (சேரும் இடம் வரை கட்டணமும் இன்சூரன்ஸும் விற்பவர் கட்டுவது) என்றால் ‘ஏ’ வகை.

‘ஏ’ வகையிலும் மோசமான பேக்கிங்கால் வந்த சேதத்துக்குப் பணம் வராது. மேலே சொன்ன ஃபோட்டோக்கள் இங்கேதான் கைகொடுக்கும். கப்பலைக் காப்பாற்ற ஆகும் செலவைச் சரக்குக்காரர்கள் எல்லோரும் பங்குபோடும் ஜெனரல் ஆவரேஜ் என்ற ஏற்பாடும் உண்டு. 2021 மார்ச்சில் சூயஸ் கால்வாயில் எவர் கிவன் கப்பல் சிக்கியபோது அதை அறிவித்தார்கள். இன்சூரன்ஸ் இருந்தால் அந்தப் பங்கை நிறுவனம் பார்த்துக்கொள்ளும்.

இறக்கும் நாள்

கப்பல் வருவதற்கு முன்பே வரி, காகிதம், க்ரேன், ஆட்கள் எல்லாம் தயாராக இருக்கட்டும். இலவச நாட்கள் தாண்டினால் துறைமுகத்தில் டெமரேஜ், கன்டெய்னரைத் திருப்பித் தரத் தாமதித்தால் டிடென்ஷன் என்று தினமும் ஏறும்.

சரக்கு வந்ததும், கையெழுத்துப் போடுவதற்கு முன் சீல் நம்பர், பெட்டியின் மூலைகள், ஸ்டிக்கர்களின் நிறம் எல்லாவற்றையும் பாருங்கள். சந்தேகமானால் டெலிவரி ரசீதிலேயே எழுதுங்கள், டிரைவர் எவ்வளவு அவசரப்படுத்தினாலும் சரி. வெளியில் தெரியாத சேதமானால் ஹேக்-விஸ்பி விதிப்படி 3 நாட்களுக்குள் கப்பல்காரருக்கு எழுத்தில் சொல்ல வேண்டும், வழக்குப் போட ஓராண்டு. விமானச் சரக்குக்கு மான்ட்ரியல் உடன்படிக்கைப்படி 14 நாள்.

தடுப்புறையை உடனே கிழிக்க வேண்டாம். குளிரில் வந்த இரும்பு கட்டடத்தின் சூட்டுக்கு வரட்டும். பெரிய இயந்திரத்துக்கு ஒரு நாளுக்கு மேலும் ஆகலாம். சில்லென்று இருக்கும் இரும்பின் மேல் வெதுவெதுப்பான காற்று பட்டால் மேலெல்லாம் தண்ணீர் பூத்துவிடும். அப்புறம் ஈர அட்டையைப் பாருங்கள், ரெக்கார்டரைக் கம்ப்யூட்டரில் இணைத்துப் பதிவை இறக்குங்கள், பூட்டுப் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகக் கழற்றி டிக் போடுங்கள். சேதம் தெரிந்தால் அந்த இடத்திலேயே நிறுத்தி, இன்சூரன்ஸ் சர்வேயர் வரும்வரை பெட்டி, கட்டை, பெல்ட் எதையும் வெளியே எறியாமல் வைத்திருங்கள். ஒரு பிரச்சினையும் இல்லையென்றால், பூட்டுச் சட்டங்களைக் கட்டி, இயந்திரத்தின் சீரியல் நம்பரை எழுதி, கையேட்டோடு சேர்த்து பத்திரமாக வைக்கச் சொல்லுங்கள். இயந்திரம் மறுபடி இடம் மாறும்போது அவை வேண்டும்.